கட்டாய வைத்தியமும் எங்கள் வீடுகளும்

(சென்ற மாதம் எங்கள் வானொலியில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம். நேயர்கள் பலர் கேட்டதற்கிணங்க இங்கே தரப்படுகிறது.)



இன்றைக்கு நான் பேசப்போகிற விஷயத்தை எங்கள் வீடுகளில் சத்தமாகப் பேசுவதில்லை. சீனி வருத்தம், பிரஷர் என்றால் கோயில் வாசலில் நின்றே குளிசையின் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்வோம். மனதுக்குக் குளிசை எடுக்கிறவரோ போத்தலில் உள்ள லேபிளைக் கிழித்துவிட்டுத்தான் அலுமாரியில் வைக்கிறார். "இவனை அங்கொடைக்கு அனுப்பவேணும்", "மந்திகைக்குக் கொண்டுபோகவேணும்" என்று ஊரில் பகிடி பண்ணினோம். கடல் தாண்டி இர்விங் வந்து சேர்ந்தபோது பாய் தலையணையை விட்டுவிட்டு வந்தோம். அந்தப் பகிடியை மட்டும் கூடவே கொண்டுவந்து விட்டோம்.

நான் டொக்டரும் இல்லை, சட்டத்தரணியும் இல்லை. ஒரு தம்பிக்கு அக்கா. அவனைக் கட்டாய வைத்தியத்துக்கு அனுப்பியவள் நான். இந்த உரையை எழுதி முதலில் அவனுக்குத்தான் வாசித்துக் காட்டினேன். ஒரு பந்தியை வெட்டச் சொன்னான், வெட்டிவிட்டேன். பெயர் சொல்லக்கூடாது என்றான், சொல்லமாட்டேன். "மிச்சத்தைச் சொல்லு அக்கா, ஆருக்கும் உதவும்" என்றான். அந்த அனுமதியோடு பேசுகிறேன்.

2013ஆம் ஆண்டு. அப்போது நாங்கள் டெக்சாசில் வேறொரு நகரில் இருந்தோம். தம்பி வன்னியில் இருந்து கடைசிவரை வந்தவன். முள்வேலி முகாம், பிறகு இந்தியா, பிறகு எத்தனையோ நாடு தாண்டி இந்த நாட்டின் எல்லை, அங்கே ஒரு தடுப்பு நிலையம். எல்லாம் முடிந்து என்னுடைய வீட்டுக்கு வந்தபோது, "இனிப் பயமில்லை" என்று நான்தான் சொன்னேன். முதல் ஒன்றரை வருடம் நல்லாய்த்தான் இருந்தான். பிறகு நித்திரை குறைந்தது. யன்னலுக்குப் போர்வை கட்டினான். டிவியில் தன்னைப் பற்றிச் சொல்கிறார்கள் என்றான். நாங்கள் நாவூறு என்று நினைத்தோம், நூல் கட்டினோம், ஹூஸ்டன் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனோம். சாப்பாட்டில் ஏதோ கலந்திருக்கிறது என்று ஆறு நாள் சாப்பிடாமல் இருந்தான். ஏழாம் நாள் இரவு குசினிக் கத்தியோடு வாசலில் காவல் நின்றான். ஒருவரையும் வெட்ட இல்லை. எங்களைக் காப்பாற்றத்தான் நின்றான். ஆனால் என்னுடைய மூன்று வயதுப் பிள்ளை அந்த வாசலால் ஓடித் திரிந்தது.

நான் 911க்கு அடித்தேன். அவனுக்குச் சொல்லவில்லை. பொலிஸ் வந்தது. மரியாதையாகத்தான் வந்தார்கள். ஒருவர் அவனைக் காட்டி, "இவர்தானா?" என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன். கைவிலங்கு போட்டு வாகனத்தில் ஏற்றினார்கள்.

இங்கே பிறந்த பிள்ளைகளுக்காக ஒன்றைச் சொல்கிறேன். எங்களுடைய நாட்டில் சுற்றிவளைப்பு நடக்கும்போது ஊர்ச் சனத்தை வரிசையாக நடக்கவிடுவார்கள். முகத்தை மூடி ஒருவர் வாகனத்தில் இருப்பார். அவர் யாரைப் பார்த்துத் தலையை ஆட்டுகிறாரோ அவரைப் பிடித்துக்கொண்டு போவார்கள். அப்படிப் போனவர்கள் எத்தனையோ பேர் திரும்பி வரவில்லை. அந்த ஆளுக்குப் பெயர் தலையாட்டி. ஆஸ்பத்திரியில் முதல்முதல் பார்க்கப் போனபோது என் தம்பி என்னிடம் சொன்ன முதல் வார்த்தை: "அக்கா, நீ தலையாட்டினாய்."

இது நடந்து பத்து வருடத்துக்கு மேல். இன்றைக்கும் அந்தச் சொல்லுக்கு என்னிடம் பதில் இல்லை.

அடுத்து மருந்துக் கதைக்கு வருகிறேன். முதல் இரவு அவசரத்தில் ஊசி போட்டார்கள். பிறகு ஹலோபெரிடோல் என்ற குளிசை. குரல்கள் குறைந்தன, அது உண்மை. ஆனால் நாலாம் நாள் அவனால் ஓர் இடத்தில் இருக்க முடியவில்லை. வராந்தாவில் மேலும் கீழும் நடந்தான். "என்னடா?" என்று கேட்டேன். "கால் நான் சொல்லுறதைக் கேக்குதில்லை, அக்கா" என்றான். டொக்டர் என்ன சொல்கிறார் என்று என்னிடம் கேட்டார். நான் சொல்லுக்குச் சொல் இங்கிலிஷில் சொன்னேன். "கால்கள் பேசுமா? காலிடமிருந்து குரல் வருகிறதா?" என்று டொக்டர் திருப்பிக் கேட்டார். தம்பி பேசாமல் நின்றான். அடுத்த நாள் மருந்தின் அளவைக் கூட்டினார்கள். நடை இன்னும் கூடியது.

ஒரு பிலிப்பைன்ஸ் நாட்டு நர்ஸ் அம்மாதான் கண்டுபிடித்தார். அவன் நின்ற இடத்திலேயே கால் மாற்றி மாற்றி மிதிப்பதைப் பார்த்துவிட்டு, "உள்ளுக்குள் யாரோ பிடித்து உலுக்குகிற மாதிரி இருக்கிறதா?" என்று கேட்டார். தம்பி அழுதுவிட்டான். அது நோய் இல்லை, மருந்தின் பக்கவிளைவு. அகதீசியா என்று பெயர். கிரேக்கச் சொல்லாம், இருக்க முடியாமை என்று அர்த்தமாம். அளவைக் குறைத்து, புரோபனலோல் என்ற இன்னொரு குளிசையும் கொடுத்தார்கள். இரண்டு நாளில் கதிரையில் இருந்து சோறு சாப்பிட்டான். பிற்காலத்தில் அவனே இதைப் பகிடியாகச் சொல்வான்: "அகதிக்கு வந்த வருத்தத்துக்குப் பெயரே அகதீசியா."

நேயர்களே, இது சின்ன விஷயமில்லை. பழைய வகை மருந்துகளில் அகதீசியாவும், கை நடுக்கமும், நாடி இறுகிக் கண் மேலே போவதும் வரலாம். பின்னால் வந்த ஒலன்சபீன் போன்றவற்றில் அவை குறைவு. ஆனால் நிறை கூடும், சீனி வருத்தம் வரலாம். எங்கள் ஆட்களுக்குச் சீனி ஏற்கெனவே சொந்தக்காரன் மாதிரி. லித்தியம் எடுப்பவர்கள் இரத்தத்தில் அதன் அளவையும், சிறுநீரகத்தையும், தைரொயிட்டையும் ஒழுங்காகப் பரிசோதிக்கவேண்டும். அகதீசியா வந்தவர் பதற்றமாகத் தெரிவார். பதற்றத்தைப் பார்த்து நோய் முற்றிவிட்டது என்று மருந்தைக் கூட்டினால் நிலைமை மோசமாகும். ஆகவே புது மருந்து தொடங்கினால் வீட்டார் செய்யவேண்டிய வேலை ஒன்றுதான்: என்ன மாறியது, எந்த நாள் மாறியது என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். அந்தக் கொப்பியை டொக்டரிடம் காட்டுங்கள்.

குடும்பத்தில் உள்ளவர்கள் மொழிபெயர்க்க வேண்டாம். எனக்கு இரண்டு மொழியும் தெரியும், அன்பும் இருந்தது. அப்படியும் ஒரு வசனத்தில் என் தம்பியை இன்னும் பெரிய நோயாளியாக்கி விட்டேன். மத்திய அரசின் பணம் பெறுகிற ஆஸ்பத்திரிகள் மொழி தெரியாதவருக்கு மொழிபெயர்ப்பாளரை இலவசமாகத் தரவேண்டும். 1964ஆம் ஆண்டின் குடிசார் உரிமைகள் சட்டத்தில் இருந்து வருகிற கடமை அது. தொலைபேசியிலாவது தமிழ் ஆளைக் கேளுங்கள். இலங்கைத் தமிழ் விளங்கக்கூடியவரைக் கேளுங்கள்.

இனி கோர்ட். டெக்சாசில் ஒருவரை அவருடைய விருப்பமில்லாமல் ஆஸ்பத்திரியில் வைத்திருக்க டொக்டர் மட்டும் முடிவெடுக்க முடியாது. பொலிஸ் அவசரமாகக் கொண்டுபோனால் 12 மணித்தியாலத்துக்குள் ஒரு டொக்டர் பரிசோதிக்கவேண்டும். பொதுவாக 48 மணித்தியாலத்துக்கு மேல் வைத்திருக்க நீதிபதியின் கட்டளை வேண்டும். சனி ஞாயிறும் விடுமுறையும் வந்தால் இது கொஞ்சம் நீளும். கோர்ட்டுக்கு மனுப் போனால் 24 மணித்தியாலத்துக்குள் நோயாளிக்கு ஒரு சட்டத்தரணியை நியமிக்கவேண்டும். வழக்கு விசாரணைக்கு முன் இரண்டு டொக்டர்களின் அத்தாட்சிப் பத்திரம் வேண்டும். இன்னொன்று, இதைப் பலர் அறியமாட்டார்கள்: ஆஸ்பத்திரியில் வைத்திருக்கக் கட்டளை கிடைத்துவிட்டது என்பதற்காக மருந்தையும் கட்டாயப்படுத்தலாம் என்று இல்லை. அவசர நிலை தவிர, மறுக்கிறவருக்கு மருந்து கொடுக்க கோர்ட்டில் தனியாக இன்னொரு கட்டளை கேட்கவேண்டும். நோயாளியின் உரிமைகளை இலகுவான சொற்களில், முடிந்தால் அவருடைய தாய்மொழியில், எழுதிக் கொடுக்கவேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது.

என் தம்பி மருந்துக்குச் சம்மதக் கையெழுத்துப் போட்டிருந்தான். ஏன் போட்டாய் என்று பிறகு கேட்டேன். "போட்டால் வீட்டை விடுவினம் எண்டு நினைச்சன்" என்றான். தடுப்பு நிலையத்தில் பழகின பழக்கம். நீட்டின கடதாசியில் எல்லாம் கையெழுத்து வைக்கிறது. அவனுக்கு வந்த சட்டத்தரணி ஒரு வயதான வெள்ளைக்காரர், அவனோடு பேசினது கால் மணித்தியாலம் இருக்கும். ஆனால் ஒரு நல்ல காரியம் செய்தார். நான்தான் அவனுக்கு எதிராகச் சாட்சி, நான்தான் அவனுடைய மொழிபெயர்ப்பாளர் என்பதைப் பார்த்துவிட்டு, இது சரிவராது, வேறு ஆள் வேண்டும் என்று நின்றார். அந்த விசாரணையில்தான் தம்பி முதல்முறையாகத் தன் கதையைத் தன் வாயால் முழுதாகச் சொன்னான். நீதிபதி கேட்டுக்கொண்டிருந்தார். கட்டளை கிடைத்தது, 23 நாளில் வீட்டுக்கு வந்தான்.

அந்தச் சட்டத்தரணி போகும்போது என்னிடம் ஒரு பெயரைச் சொன்னார். ஆடிங்டன். பிறகு தேடி வாசித்தேன். வாசித்தபோது எனக்குக் கை நடுங்கியது.

ஃபிராங்க் ஆடிங்டன் இதே டெக்சாஸ்காரர். 1969க்கும் 1975க்கும் இடையில் ஏழு தடவை தற்காலிகமாகவும் மூன்று தடவை காலவரையறை இல்லாமலும் மாநில மனநோய் ஆஸ்பத்திரிகளில் வைக்கப்பட்டவர். 1975 டிசம்பரில் தன் தாயை மிரட்டினார் என்று பிடிபட்டார். அவரைக் காலவரையறை இல்லாமல் ஆஸ்பத்திரியில் வைக்கும்படி மனுப் போட்டது யார் தெரியுமா? அந்தத் தாய்தான். ஆறு நாள் ஜூரி விசாரணை நடந்தது. தனக்கு மனநோய் இருக்கிறது என்பதை ஆடிங்டன் மறுக்கவில்லை. அடைத்து வைக்கும் அளவுக்கு ஆதாரம் இருக்கிறதா என்றுதான் வாதாடினார். ஜூரி அவருக்கு எதிராக முடிவு சொன்னது. வழக்கு வோஷிங்டன் உச்சநீதிமன்றம் வரை போனது.

கேள்வி இதுதான்: எவ்வளவு ஆதாரம் வேண்டும்? காணி வழக்கு, காசு வழக்கு என்றால் தராசு ஒரு பக்கம் கொஞ்சம் சரிந்தால் போதும். கொலை வழக்கு என்றால் நியாயமான சந்தேகம் எதுவும் மிஞ்சக்கூடாது. மனநோயாளியை அடைப்பதற்கு எந்தத் தராசு? 1979 ஏப்ரல் 30ஆம் திகதி தீர்ப்பு வந்தது. இது காசு வழக்கு இல்லை, ஒரு மனிதனின் சுதந்திரமும் பெயரும் போகிற வழக்கு, ஆகவே கொஞ்சம் சரிந்தால் போதாது என்றது நீதிமன்றம். அதேநேரம் மனதைப் பற்றிக் கொலை வழக்கைப் போல அவ்வளவு நிச்சயமாக எந்த டொக்டராலும் சொல்ல முடியாது, அதைக் கேட்டால் வைத்தியம் தேவையானவருக்கும் வைத்தியம் கிடைக்காது என்றும் சொன்னது. இரண்டுக்கும் நடுவில், தெளிவானதும் நம்பவைப்பதுமான ஆதாரம் வேண்டும் என்று முடிவானது. இன்றைக்கு அமெரிக்கா முழுவதும் அடித்தளம் அதுதான். என் தம்பியின் விசாரணையில் நீதிபதி என்னிடம் திருப்பித் திருப்பி, "நீங்கள் கண்ணால் கண்டது என்ன? எந்த நாள்?" என்று கேட்டதற்குக் காரணம் ஆடிங்டன்தான்.

அதற்கு நாலு வருடம் முந்தி இன்னொரு வழக்கு. கெனத் டொனால்ட்சன் என்பவரை 1957இல் புளோரிடா மாநில ஆஸ்பத்திரியில் அடைத்தார்கள். கேட்டது அவருடைய தகப்பன். அவர் யாருக்கும் ஆபத்தானவர் என்று ஒரு சாட்சியும் இல்லை. பழைய கல்லூரி நண்பர் ஒருவர் தான் பொறுப்பெடுக்கிறேன் என்று பலமுறை கேட்டார், விடவில்லை. கிட்டத்தட்ட 15 வருடம் இருந்தார். 1975இல் உச்சநீதிமன்றம் சொன்னது: ஆபத்தில்லாத ஒருவர், தானாகவோ, உதவ முன்வருகிற குடும்பத்தினர், நண்பர்களின் துணையோடோ வெளியில் வாழக்கூடியவர் என்றால், அவரை வெறுமனே அடைத்து வைத்திருக்க அரசுக்கு உரிமை இல்லை.

ஒரு தாய், ஒரு தகப்பன். இரண்டு வழக்கிலும் தொடக்கி வைத்தது பெற்றவர்கள். அவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லமாட்டேன், சொல்ல எனக்குத் தகுதியும் இல்லை. ஆனால் பயந்துபோன குடும்பம் சொல்வதை மட்டும் வைத்து ஒருவரின் வாழ்க்கையை முடிவு செய்யக்கூடாது என்பதற்காகத்தான் இடையில் ஒரு நீதிபதியை வைத்திருக்கிறார்கள்.

நீதிபதி இல்லாத இடத்தில் என்ன நடக்கும்? எங்களில் பலர் மண்டபம் முகாமில் இறங்கியவர்கள். அதே இராமநாதபுரம் மாவட்டத்தில்தான் ஏர்வாடி இருக்கிறது. தர்காவை நம்பி மனநோயாளிகளைக் கொண்டுவந்து விட்ட இடம். சுற்றிவரத் தனியார் விடுதிகள். 2001 ஆகஸ்ட் 6ஆம் திகதி விடியற்காலை அங்கே மொய்தீன் பாதுஷா விடுதியில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். அவர்களைக் கொண்டுபோய் விட்டது வேறு யாருமில்லை, அன்பான குடும்பங்கள்தான். மாதாமாதம் காசும் அனுப்பியிருப்பார்கள். இந்திய உச்சநீதிமன்றம் தானாகவே அந்த வழக்கை எடுத்தது. 2017ஆம் ஆண்டின் இந்திய மனநலச் சட்டம் சங்கிலியில் கட்டுவதைத் தடை செய்கிறது.

"அப்படியென்றால் மருந்தும் வேண்டாம், ஆஸ்பத்திரியும் வேண்டாமா?" என்று கேட்பீர்கள். அதுவும் சரியில்லை. என் தம்பி வீட்டுக்கு வந்து எட்டு மாதத்தில், நிறை 40 இறாத்தல் கூடிவிட்டது, பகல் முழுக்க நித்திரை வருகிறது என்று ஒருவருக்கும் சொல்லாமல் எல்லா மருந்தையும் ஒரே நாளில் நிற்பாட்டினான். ஆறு கிழமையில் யன்னலில் மறுபடி போர்வை. இந்த மருந்துகளைத் திடீரென்று நிற்பாட்டக்கூடாது. குறைப்பதென்றால் டொக்டரோடு பேசி, படிப்படியாக. ஆனால் நான் சொல்லவந்தது வேறு. அவன் நிற்பாட்டியதற்குக் காரணம் விசர் இல்லை. உண்மையான முறைப்பாடு இருந்தது. அதைச் சொன்னால் திரும்ப அடைத்துவிடுவோம் என்று பயந்தான். என்னைப் பார்த்துத்தான் பயந்தான்.

எலின் சாக்ஸ் என்று ஒரு சட்டப் பேராசிரியை, கலிபோர்னியாவில். ஸ்கிட்சோஃப்ரீனியா உள்ளவர். 2007இல் தன் கதையைப் புத்தகமாக எழுதினார். மாணவியாக இருந்தபோது கட்டிலோடு கட்டப்பட்டவர். மருந்தை விடப் பலமுறை முயன்று, ஒவ்வொரு முறையும் விழுந்து, கடைசியில் மருந்தும் தொடர்ச்சியான பேச்சு வைத்தியமும் தனக்கு வேண்டும் என்று தானே முடிவுக்கு வந்தவர். அதேவேளை பலாத்காரமாகக் கட்டிவைப்பதை இன்றும் எதிர்க்கிறார். மருந்தை ஏற்பதும் பலாத்காரத்தை எதிர்ப்பதும் ஒரே ஆளுக்குள் இருக்கலாம். இதை விளங்கிக்கொள்ள எனக்குப் பல வருடம் எடுத்தது.

இரண்டாம் முறை தம்பி தானாகவே ஆஸ்பத்திரிக்கு வந்தான். காரில் நான் பக்கத்தில் இருந்தேன். கைவிலங்கு இல்லை. வேறு மருந்து, குறைந்த அளவு. இப்போது விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு களஞ்சியத்தில் வேலை செய்கிறான். குரல் முழுதாகப் போகவில்லை, "பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரி" என்கிறான்.

முடிக்குமுன் அவனும் நானும் சேர்ந்து செய்த ஒன்றைச் சொல்லவேண்டும். டெக்சாஸ் சட்டத்தில் மனநல வைத்தியத்துக்கான பிரகடனம் என்று ஒரு பத்திரம் இருக்கிறது. ஒருவர் சுகமாக இருக்கும்போதே எழுதி வைக்கலாம்: எந்த மருந்துக்குச் சம்மதம், எதற்குச் சம்மதமில்லை, அவசர நேரத்தில் தன்னை எப்படிக் கையாளவேண்டும் என்று. இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்து, அல்லது நோட்டரி. மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கவேண்டும். கோர்ட் கட்டளையும் உயிராபத்தும் வந்தால் இதற்கு மேலாகப் போகலாம். ஆனாலும் இது அவருடைய சொந்தக் குரல். தம்பியின் பத்திரத்தில் ஹலோபெரிடோல் வேண்டாம், ஏன் வேண்டாம் என்று எழுதியிருக்கிறது. அக்கா மொழிபெயர்க்கக்கூடாது என்றும் எழுதியிருக்கிறது.

உங்கள் வீட்டில் நிலைமை முற்றுகிறது என்றால், ஆனால் உடனடி உயிராபத்து இல்லையென்றால், முதலில் 988க்கு அடியுங்கள். எந்த நேரமும் எடுப்பார்கள், மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். டலஸ் கவுண்டிக்கு நோர்த் டெக்சாஸ் பிஹேவியரல் ஹெல்த் அதோரிட்டி என்ற அரச மனநல அமைப்பு இருக்கிறது. காப்புறுதி இல்லாதவர்களும் அங்கே கேட்கலாம். 911தான் வேண்டும் என்றால், மனநலப் பயிற்சி பெற்ற பொலிஸ்காரரைக் கேளுங்கள். வீட்டில் ஆயுதம் இருக்கிறதா இல்லையா என்று தெளிவாகச் சொல்லுங்கள். அவர் போர் கண்டவர், சீருடைக்குப் பயப்படுவார் என்றும் சொல்லுங்கள். அந்த ஒரு வசனத்தை நான் அன்றைக்குச் சொல்லவில்லை.

போன மாதம் தம்பியிடம் நேராகக் கேட்டேன்: "அண்டைக்கு நான் கூப்பிட்டது பிழையா?" அவன் தேத்தண்ணியைக் குடித்து முடிக்கும்வரை பேசவில்லை. பிறகு சொன்னான்: "கூப்பிட்டது பிழை எண்டு நான் சொல்லேல்லை. எனக்குச் சொல்லாமல் கூப்பிட்டதுதான் பிழை. 'தம்பி, எனக்குப் பயமாயிருக்கு, ஆக்களைக் கூப்பிடப்போறன்' எண்டு சொல்லியிருக்கலாம். நான் கத்தியிருப்பன். ஆனால் நீ தலையாட்டியாய் இருந்திருக்கமாட்டாய்."

நேயர்களே, அடைக்கவேண்டிய நேரம் வரலாம். ஊசி போடவேண்டிய நேரம் வரலாம். அப்போதும் அவருக்கு முன்னால் நின்று, அவருடைய பெயரைச் சொல்லி, என்ன செய்யப்போகிறோம் என்று சொல்லிவிட்டுச் செய்யுங்கள். அதற்குப் பிறகு அவர் வீட்டுக்குத்தான் திரும்பி வருவார். எங்களோடுதான் இருந்து சாப்பிடுவார்.